மழைக்காட்டுக்கு இன்னும் நான்கு நாள்

வரப்போகிற ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுப்பவர்களால்தான் மனித இனம் இன்றுவரை அழியாமல் இருக்கிறது. இந்தப் பெரும் பொறுப்பைத் தோளில் சுமந்துகொண்டிருந்த ஒரு மனிதர், புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் மூன்று வயது மகனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் உட்கார வைத்திருந்தார்.

"மிதக்குதாடா குட்டி?"

"உக்காந்திருக்கேன்பா" என்றான் குட்டி. டப்பில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது.

அவர் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஹெல்மெட். அவர் வருகிறபோது மட்டும் அது 'சார்' ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்: மூன்று நாள் மழைக்காடு, நான்கு நாள் கடற்கரை. இதற்காக ஒரு ஃபைல் போட்டிருந்தார். அட்டைப்பூச்சிக்குத் தனிப் பக்கம், ஜெல்லி மீனுக்குத் தனிப் பக்கம். காட்டையும் கடலையும் ஒட்டி, தங்கப்போகிற விடுதிக்கு ஆறு முறை போன் செய்துவிட்டார். தண்ணீர் காய்ச்சுவீர்களா, வேலைக்காரர்களுக்கு ஒட்டுகிற வியாதி ஏதும் உண்டா, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் கடற்கரைக்கு வருமா என்றெல்லாம் விசாரித்தார். ஆறாவது முறை அந்த விடுதிப் பெண்மணி, "சார், நீங்க காட்டுக்கு வர்றீங்களா, ஆபரேஷன் தியேட்டருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

டப்பிலிருந்து தூக்கி ஜாக்கெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. முதுகில் இரண்டு, வயிற்றில் ஒன்று. சிவப்பாக, நுனியில் நீர் கோத்துக்கொண்டு. உடம்பு லேசாகச் சுட்டது.

மனைவி துண்டோடு வந்தவள் அப்படியே நின்றாள். "என்னங்க இது? அம்மை மாதிரி இருக்கே!"

"கொசு."

"எந்தக் கொசு? ஒரு வாரமா நாலு விதமான கிரீம் தடவி, வலைக்குள்ள படுக்க வெச்சு ஒத்திகை பாக்கறீங்க. கொசு என்ன சாவி போட்டுத் திறந்துட்டு வந்துச்சா?"

"அப்ப கிரீம்தான் ஒத்துக்கல."

ஆறு வயது மகள் வாசலில் ஒரு கால் ஷூவோடு நின்றாள். "அப்பா, எங்க கிளாஸ்ல ஒரு பையனுக்கு இதே மாதிரி வந்துச்சு. பத்து நாள் ஸ்கூலுக்கே வரல."

"நீ பேசாம இன்னொரு ஷூவப் போடு."

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிடலாமே" என்றாள் மனைவி.

"டாக்டர்கிட்ட போனா டாக்டர் எதையாவது சொல்லுவார். சொல்லிட்டா நமக்குத் தெரிஞ்சதா ஆயிடும்."

இப்படி ஒரு நியாயத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் மூன்று பக்கத்துக்கு மெமோ கொடுத்திருப்பார். மனைவி சுவரோரம் நின்ற பெட்டிகளைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கடல் கடல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் லீவுக்கு முன்பு முடிக்கவேண்டிய வேலை மலையாகக் கிடந்தது. அவர் கொப்புளங்களின் மேல் பவுடர் பூசினார். அவள் முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினாள்.

"குட்டி, இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா காட்டுல நாம பாக்கப் போற பெரிய மூக்குப் பறவை பறந்து போயிடும்."

குட்டி பயந்துபோய்த் தலையாட்டினான்.

குழந்தைகள் காப்பகம் தொழிற்சாலையின் வாசலிலேயே இருந்தது. தொழிலாளிகளின் பிள்ளைகள் பத்துப் பேர், குட்டி பதினோராவது. பார்த்துக்கொள்ள இரண்டு பேர். பிள்ளைகள் அவர்களைப் பெரிய அத்தை, சின்ன அத்தை என்பார்கள். சின்ன அத்தைக்கு இது ஏழாம் மாதம். அவள்தான் வந்து குட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கன்னத்தை அவள் கழுத்தில் சாய்த்துக்கொண்டான்.

"லேசா சுடுதே சார்?"

"வெயில்ல வந்தோம்ல" என்றார். வானம் மூடிக்கிடந்தது. அவளுக்கு மேற்கொண்டு பேச இடம் கொடுக்காமல், "படியில பாத்து ஏறும்மா. கைப்பிடியப் புடிச்சுக்க. இந்த நேரத்துல எந்த ரிஸ்க்கும் எடுக்கக் கூடாது" என்று அறிவுரை சொன்னார்.

"சரிங்க சார்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பெரிய அத்தை போன் செய்தாள்.

"சார், குட்டி முதுகெல்லாம் கொப்புளம். காலையிலயே இருந்துச்சா?"

"காலையில... கவனிக்கலையேம்மா."

"பவுடர் போட்டிருக்கே சார். ஏன்டா குட்டின்னு கேட்டேன். சொன்னா பறவை பறந்துடும்னு அழறான்."

அவர் வகுப்பைப் பார்த்தார். இருபது பேர் நோட்டும் பேனாவுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அத்தை தொடர்ந்தாள். "சின்னவளுக்கு முன்னாடி அம்மை வந்திருக்கான்னு அவளுக்கே தெரியல. அம்மா இல்லாம வளந்தவ, கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளில்ல. எதிர்ப்புச் சக்தி இல்லேன்னா அவளுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்துன்னு டாக்டர் சொல்றாராம். ரத்தம் எடுத்திருக்காங்க. நாளைக்குத்தான் தெரியும்."

குட்டியை மனைவி வந்து வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தா பெஞ்சில் சின்ன அத்தையும் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான். நின்றதற்காக அவனுக்கே கோபம் வந்தது போலிருந்தது.

"எதிர்பாராத விதமா இப்படி ஒரு சூழ்நிலை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எதிர்பாராததுக்கு யாராவது பவுடர் போடுவாங்களா சார்?"

அவன் அதோடு விடவில்லை.

"போன வருஷம் பெல்ட் போடாம ஏணியில ஏறினேன்னு என்னை ரெண்டு நாள் சஸ்பெண்ட் பண்ணீங்க. சரிதான், தப்பு என்மேலதான். ஆனா அன்னிக்கு விழுந்திருந்தா நான்தான் விழுந்திருப்பேன். நீங்க இவகிட்ட ஒரு வார்த்த கேக்காம இவள ஏணியில ஏத்தி விட்டுட்டீங்களே சார். வயித்துப் புள்ளையோட."

சின்ன அத்தை புருஷனின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, "குட்டி ஏதாவது சாப்பிட்டானா சார்? காலையில இருந்து ஒரு வாய்கூட வாங்கல" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் குட்டியைப் பார்த்த டாக்டர், "சின்னம்மைக்கு ஊசி போட்டிருக்கா?" என்றார். காட்டுக் காய்ச்சலுக்கு என்னென்ன ஊசி உண்டோ அத்தனையும் போட்டாயிற்று. இந்த ஒன்றை மட்டும், ஊருக்குள் இருப்பதுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். விடுதிக்கு ஏழாவது முறையாகப் போன் செய்து, வரவில்லை என்று மட்டும் சொன்னார். மகள் சத்தமில்லாமல் தன் பெட்டியிலிருந்து நீச்சல் உடையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் பகலில் முடிவு வந்தது. சின்ன அத்தைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. எப்போதோ, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத வயதில், அவளுக்கு அம்மை வந்து போயிருக்கிறது. செய்தி கேட்டு அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு பழைய புத்தி எட்டிப்பார்த்தது. மற்றப் பெற்றோர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். 'சில தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று தொடங்கியது. மனைவி வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

"நேர்ல போய் வாயாலயே சொல்லுவோம். நானும் வர்றேன். பொத்தான் போட்டது நான்தானே."

வெள்ளிக்கிழமை காலை, குட்டியையும் மகளையும் பார்த்துக்கொள்ள மனைவியின் தங்கையை வரவழைத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் காப்பக வாசலில் நின்றார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரையோ பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"என் பையனுக்கு அம்மை" என்றார். "தெரிஞ்சேதான் இங்க கொண்டுவந்து விட்டேன். டூர் போற நேரத்துல லீவு போட மனசு வரல. காட்டுல இருந்து என் புள்ளைங்களுக்கு என்ன ஒட்டிக்குமோன்னு ஒரு மாசமா பயந்தேன். என் வீட்டுல இருந்து உங்க புள்ளைங்களுக்கு என்ன போகும்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. நம்ம புள்ளைய மட்டும் காப்பாத்திக்கறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல. புள்ளைக்கு உடம்பு சரியில்லேன்னா வீட்டுல வெச்சுக்குங்க. மறைக்காம சொல்லுங்க. நான் அதச் செய்யல."

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு தாய், "இத ஃபாரத்துல எழுதி மூணு காப்பி குடுத்துட்டுப் போங்க சார்" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். மனைவி தலை குனிந்துகொண்டாள். அவர் மட்டும், "எழுதித் தர்றேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். எழுதியும் கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரத்தில் காப்பகத்தில் மூன்று குழந்தைகளுக்கு அம்மை வந்தது. அவருடைய மகளுக்கும் வந்தது. அதற்கு மறுநாள் அவருக்கே வந்தது. முதல் கொப்புளம் மூக்கு நுனியில்.