பீரங்கியின் பெனால்டியும் அப்பாவின் தங்க எழுத்தும்

எங்கள் வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது. டிவி மேஜைக்கு அடியில் தூசியோடு கிடக்கும் என் பழைய கம்ப்யூட்டர்தான் அது. படங்கள், குடும்ப வீடியோக்கள், கால்பந்து மேட்சுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, டிவியில் ஒரு ஆப் போட்டு, சோபாவில் சாய்ந்தபடியே பார்க்க வழி செய்தவன் நான். நீ காலேஜ் போனதில் வீட்டுக்கு உபயோகமானது இது ஒன்றுதான் என்பாள் அம்மா. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மா பெண்கள் கால்பந்து அணி ஒன்றின் கோச். அக்கா அந்த அணியின் கோல்கீப்பர். வீட்டில் 'அம்மா', மைதானத்தில் 'கோச்'. திட்டு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்பாவின் வேலை கேமரா. எங்கள் அணி ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லா மேட்சையும் படம் பிடித்து, வீட்டுக்கு வந்து ஆட்டத்தில் நடப்பதையெல்லாம் சப்டைட்டிலாகப் போடுவார். அதுவும் சும்மா எழுத்து இல்லை. தங்க நிறம், கறுப்பு ஓரம், கீழே ஒரு நிழல். கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும்.

இது நடந்தது இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள். எதிரணிக் கேப்டனுக்கு எங்கள் பெண்கள் வைத்த பெயர் பீரங்கி. போன சீசன் இறுதி ஆட்டத்தில் அவள் அடித்த பெனால்டிக்கு அக்கா வலப்பக்கம் பாய்ந்தாள்; பந்து இடப்பக்கமாகச் சாவகாசமாக உள்ளே போனது. கோப்பையும் அதோடு போனது. அன்றிலிருந்து அக்காவிடம் யாரும் 'வலது' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. இந்தத் தடவை பீரங்கி இந்த சீசனில் அடித்த பெனால்டிகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் களம் இறங்குவது என்று, சாயங்காலம் மொத்த அணியும் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தது.

முதல் மேட்ச் வீடியோவைப் போட்டு, அம்மா ரிமோட்டில் முன்னால் தள்ளினாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது.

"என்னடா இது?"

"வரும்மா. யோசிக்குது."

"அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நாளைக்கு மேட்சே முடிஞ்சிடும்."

"இவன் வெச்ச சர்வர் இவன மாதிரிதானேம்மா இருக்கும்," என்றாள் அக்கா. "காலைல கூப்பிட்டா சாயங்காலம் வந்து 'என்ன?'ன்னு கேக்கும்."

அணி முழுக்கச் சிரித்தது. என் மானம் இப்போது பதினொரு பேர் கையில்.

வைஃபையை அணைத்துப் போட்டேன். பலனில்லை. ஹாலின் குறுக்கே கேபிள் இழுத்து டிவியில் நேராகச் சொருகினேன். பெண்கள் ஒழுங்காகக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். வட்டம் அப்போதும் சுற்றியது. ஒரு குடும்ப வீடியோவைப் போட்டுத் தள்ளிப் பார்த்தேன், பறந்தது. ஆக, நெட் மேல் தப்பில்லை. மேட்ச் வீடியோ மட்டும்தான் மாட்டுகிறது. சர்வரின் பக்கத்தை மொபைலில் திறந்தால், பாவம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வீடியோ முழுவதையும் புதிதாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் தங்க எழுத்து, எழுத்தே இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு படம். அதை டிவிக்குக் காட்டத் தெரியாது. அதனால் சர்வரே உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி தங்கம் பூசி அனுப்புகிறது. முன்னால் தள்ளினால் பூசியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, புது இடத்திலிருந்து மறுபடி பூச ஆரம்பிக்கிறது. இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? அப்பா எடுத்த மேட்சை முன்னால் தள்ளி ஓட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. முதலிலிருந்து பார்க்கலாம், தூங்கலாம், ஓட்டக் கூடாது.

"அப்பா, உங்க எழுத்து ரொம்ப அழகுல்ல..."

"சுத்தி வளைக்காம சொல்லுடா."

சொன்னேன். சப்டைட்டிலை அணைத்தேன். அம்மா ரிமோட்டை அழுத்திய நொடியில் காட்சி தாவியது. பெண்கள் கை தட்டினார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

"சரி, எந்த மேட்ச்ல, எப்போ பெனால்டி அடிச்சா?" என்றாள் அம்மா.

யாருக்கும் தெரியவில்லை. சீசன் முழுக்க ஒவ்வொன்றாகத் தேடினால் விடிந்துவிடும்.

"எழுதியிருந்தேன்," என்றார் அப்பா, ஜன்னலிடம்.

"தங்கம் பூசறதுக்கு முன்னாடி டைப் பண்ணீங்களே, அந்த ஃபைல் இருக்காப்பா?"

"இருக்கு. வெறும் வெள்ளை எழுத்து. பாக்க நல்லாவா இருக்கும்?"

நன்றாகத்தான் இருந்தது. வெறும் எழுத்தை டிவியே காட்டிக்கொள்ளும், சர்வருக்கு வேலையே இல்லை. அதைவிட, அந்த ஃபைல்களில் 'பெனால்டி' என்று தேடினால் எல்லா மேட்சிலும் எல்லா நேரமும் வரிசையாக வந்து நின்றன. நான் நேரத்தைப் படிக்கப் படிக்க அம்மா தாவினாள். 'பீரங்கி பெனால்டி. நடுவர் கண்ணாடி மாற்றவும்' என்ற வரிக்கு ஹால் அதிர்ந்தது. தங்கத்தில் மின்னியபோது ஒருத்தரும் படிக்காத வரி அது. அப்பா ஜன்னலை விட்டுவிட்டுச் சோபாவுக்கு வந்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டிவிக்கு மூக்கு ஒட்டும்படி உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி போ. இன்னொரு தடவ. இப்ப அதுக்கு முந்தின மேட்ச். திரும்ப அது."

சர்வர் ஒரு இடத்திலும் முனகவில்லை. நான் அதைப் பெற்றவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கோச்," என்றாள் அக்கா. வீட்டில் அவள் அம்மாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பந்தை வெச்சிட்டு மறுபடி ஒரு தடவ கையால திருப்பி வெச்சா, எனக்கு இடது பக்கம் அடிக்கறா. சும்மா வெச்சா வலது."

வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். அம்மா மறுபடி எல்லாவற்றையும் ஓட்டினாள். ஒன்று கூடத் தப்பவில்லை.

மறுநாள் நாங்கள் ஒரு கோல் முன்னால். முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி. பீரங்கி பந்தை வைத்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து, ஒரு தடவை திருப்பி வைத்தாள்.

அக்கா இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் கையுறையில் பட்டு, கம்பத்தில் மோதி, வெளியே போனது. அணி முழுக்க அவள் மேல் விழுந்ததில் கொஞ்ச நேரம் அக்காவையே காணோம்.

எதிரணிக் கோச் வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார்.

"எங்க கேப்டன் பெனால்டிய இந்த சீசன்ல யாரும் தடுத்ததில்லை. எப்படிங்க?"

"கண்டுபிடிச்சது என் பொண்ணு," என்றாள் அம்மா. "நேரமெல்லாம் குறிச்சு வெச்சது இவர். வீட்டுல சர்வர் இருக்கு, அது என் பையன் போட்டது."

அப்பா கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். நான் காதில் விழாத மாதிரி ஷூ லேஸைக் கட்டினேன். இன்னொரு தடவை சொன்னாலும் சொல்வாள் என்று, இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.