பட்டன் இல்லாத நகல்

பள்ளி அலுவலகக் கம்பி ஜன்னலுக்கு வெளியே சோலையம்மாள் நின்றிருந்தாள். எல்.கே.ஜி. சேர்க்கைப் பட்டியலை மூன்றாவது முறையாக விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். இடம் நாற்பது. அவள் மகள் பெயர் அறுபத்தொன்றாவது.

"விடிய நாலு மணிக்கு வந்து நின்னேன். மூணாம் நம்பர் டோக்கனை இந்தப் புள்ளதான் குடுத்துச்சு. வந்த வரிசைக்குத்தான் சீட்டுன்னீக. அது எப்படி அறுபத்தொண்ணாச்சு?"

மேலாளர் பாண்டியராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "கம்ப்யூட்டர் போட்ட வரிசை. அதுக்கு ஆளும் தெரியாது, முகமும் தெரியாது. வேணும்னா அதுகிட்டயே கேளு."

"அதுதான் வாய் பேசாதே. கல்வி ஆபீசுல மனு குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்." பிறகு உள்ளே கம்ப்யூட்டர் முன் இருந்த, டோக்கன் கொடுத்த தீபாவைப் பார்த்தாள். "நீ எந்த ஊருத்தா?"

"வடமதுரை."

"வடமதுரைல எங்கிட்டு?"

தீபா விசைப்பலகையைப் பார்த்தாள். சோலையம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

பாண்டியராஜ் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். "இதுகளுக்கெல்லாம் இங்கிலீஷ் மீடியம் கேக்குது. நாளைக்கு அதிகாரி வாராரு. பட்டியல் ஃபைலை மேக்ரோ இல்லாம ஒரு காப்பி சேவ் பண்ணு. பழசை அழிச்சிரு."

"மேக்ரோன்னா, அந்த வரிசைப்படுத்துற பட்டனா சார்?"

"அதேதான். பேரும் நம்பரும் இருந்தாப் போதும். எப்படி வந்துச்சுன்னு இருக்கக் கூடாது."

"ஏன் சார்?"

"கேள்வி கேக்கவா உன்னய வேலைக்கு வச்சேன்?"

அவர் வெளியே போனார். தீபா கோப்பின் வகையை மாற்றிச் சேமிக்கப் போனாள். திரையில் ஒரு பெட்டி குதித்தது: மேக்ரோ இந்த நகலில் இருக்காது, தொடரலாமா? இரண்டு வருடமாக, ஆட்கள் வந்த வரிசையில் பெயர்களை ஏற்றி, கடைசியில் அந்தப் பட்டனை அழுத்தியது அவள்தான். அது என்ன செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

பெட்டியை மூடிவிட்டு மேக்ரோவைத் திறந்தாள். ஆங்கிலக் கட்டளைகளுக்கு நடுவே ஒரு சொல் தெளிவாகப் புரிந்தது; சோலையம்மாள் முகவரியிலும் இருந்த சொல். காலனி.

பட்டியலுக்குத் திரும்பி, முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். முகவரியில், வேலைக்காகக் கொடுத்திருந்த சித்தி வீட்டுத் தெருவை அல்ல, ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த, தன் வீடு இருக்கும் காலனியை எழுதினாள். பட்டனை அழுத்தினாள். அவள் பெயர் கடைசி வரியில் கிடந்தது.

தன் பெயரை நீக்கினாள். மேக்ரோ இல்லாத நகலைச் சேமித்தாள். பழையதை அழிக்கவில்லை.

மறுநாள் அதிகாரி ஆண்டனிராஜ் அந்த நகலைத் திறந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. வாசலில் சோலையம்மாள் நின்றாள்.

"கம்ப்யூட்டருக்குப் பாகுபாடு தெரியாது சார்" என்றார் பாண்டியராஜ்.

அதிகாரி கிளம்ப எழுந்தார். "சார், செத்த நேரம் இருங்க" என்றாள் தீபா. "இது நகல். அசல் இந்தா இருக்கு."

"ஏய், மூடு அதை!" பாண்டியராஜ் மேசையை நோக்கி வந்தார். அதிகாரி கையைக் குறுக்கே நீட்டினார்.

"உங்க பேரை முதல் வரியில போடுறேன் சார். முகவரி மட்டும் காலனின்னு வச்சுக்கிறேன்."

பட்டனை அழுத்தினாள். ஆண்டனிராஜ் என்ற பெயர் முதல் வரியில் இல்லை. அவர் குனிந்து, திரையின் அடிவரைக்கும் தேடினார். கடைசி வரியில் கண்டதும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நன்றி கெட்ட நாயே, நாளையில இருந்து வராத" என்றார் பாண்டியராஜ்.

"வரல சார்." தீபா பையை எடுத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டருக்குத் தெரு தெரியாது. மனுசந்தான் சொல்லிக் குடுத்தான். சொன்னவன் மட்டும் குத்தவாளி இல்ல, என்னன்னு கேக்காம ரெண்டு வருசமா அமுக்குன நானுந்தான். பட்டனை அழிச்சிட்டா பாவம் அழியாது."

வாசலில் சோலையம்மாளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வடமதுரைல எங்கிட்டுன்னு கேட்டீகள்ல, அக்கா? காலனி."