ராகியின் முகம்

மூன்றாவது முறையும் டப்பா காலியாகத் தரையில் கிடந்தது. எதிர்வீட்டு லட்சுமம்மா கொடுத்தனுப்பிய ஒப்பட்டு என்ற இனிப்புப் போளி ஆறில் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆபீஸிலிருந்து வந்த சுப்ரியா, பையைக்கூட இறக்காமல் நாயைப் பார்த்து, "ராகி! யாரு பண்ணது இது?" என்று கத்தினாள்.

ராகி காதுகளைப் பின்னால் மடித்தது. உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

"பாருங்கப்பா, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா சுப்ரமணியன் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. சுப்ரியா ராகியை அரை மணி நேரம் பால்கனியில் கட்டிப்போட்டாள்.

சனிக்கிழமை ராகியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது அல்சூரில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"அது குற்ற உணர்ச்சி இல்லம்மா. உங்க குரலும் நீங்க நிக்கிற விதமும் அதுக்குப் பயம். சண்டை வேணாம்னு அப்படிச் சொல்லுது. தப்பே நடக்காத நாள்ல இதே மாதிரி கேட்டுப் பாருங்க."

மறுநாள் காலை கேட்டுப் பார்த்தாள். எதுவும் தொலையவில்லை, எதுவும் உடையவில்லை. ராகி அவள் பக்கத்தில்தான் தூங்கி எழுந்திருந்தது. "யாரு பண்ணது இது?" என்றதும் அதே மடிந்த காது, அதே திரும்பிய முகம்.

சுப்ரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செஞ்சியான்னுகூடத் தெரியாம உன்னைப் போய்..." என்று அதன் கழுத்தைத் தடவினாள்.

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"நான்தாம்மா சாப்பிட்டேன்," என்றார். "மூணு தடவையும். டப்பாவைக் கீழ வெச்சதும் நான்தான்."

அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். போன மாதம்தான் மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள்.

"அதைக் கட்டிப்போட்டப்பகூடச் சொல்லலையேப்பா!"

"நாய்தானே, அரை மணியில மறந்துடும்னு நெனச்சேன். அன்னைக்கு பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பாத்துட்டிருந்தது. பேப்பர்ல ஒரு வரி ஓடல."

சுப்ரியாவுக்குக் கோபம் அடங்கவில்லை. மாத்திரை, கால் மரத்துப்போவது, டாக்டர் சொன்ன பத்தியம் என்று ஒவ்வொன்றாகக் குரலை உயர்த்திக்கொண்டே போனாள். ராகி எழுந்து மேசைக்கடியில் நுழைந்தது. அதைக் கண்டதும் பாதியில் நிறுத்தினாள்.

"நாளைக்கு லேபுக்குப் போகலாம்," என்று மட்டும் சொன்னாள்.

ரத்தத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு அப்பா காலையில் ராகியோடு ஏரிப்பக்கம் நடக்கப் போனார். லட்சுமம்மாவிடம் அவரே கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் இனிப்பு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆனால் எந்த டப்பாவின் மூடி திறந்தாலும் ராகி தானாக எழுந்து பால்கனிக்குப் போய் நிற்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் சுப்ரியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி உள்ளே கூட்டிவந்தாள். அந்தப் பழக்கம் போக இரண்டு மாதம் பிடித்தது.