இரண்டாவது ஊசி

மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே அப்பாசாமி வாசலை மறித்து நின்றார். தம்பி பிரேமின் ஒன்பது மாத மகனைப் புதைத்துவிட்டு வந்த ஈரமண் அவர் காலில் இன்னும் காயவில்லை. எதிரே தடுப்பூசிப் பெட்டியோடு நர்ஸ் மெர்சி.

“போன புள்ள போதாதுன்னு இருக்கறதையும் குத்த வந்தீங்களா, நர்ஸம்மா? உங்க ஊசிதான் அவன் நெஞ்சுல சளியா எறங்கிருச்சு. ஊட்டுக்குள்ள கால் வெச்சுப் பாருங்க!”

“துக்கம் கேக்கத்தான் வந்தேங்க. ஆனா ரெட்டைப் பிள்ளையில ஒண்ணு நிமோனியாவுல போயிருக்கு. பாப்பாவுக்கு ஒம்பதாம் மாச ஊசி இன்னிக்கு விட்டுடக் கூடாது.”

உள்ளே பிரேமின் மனைவி சுகுணா, மகள் தேன்மொழியை இறுக்கிக்கொண்டாள். நேற்று ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும் வழியிலேயே மூச்சு நின்றுபோன மகனை நினைக்கவும் விடாமல் வெளியே சத்தம் ஏறியது. கூடியிருந்தவர்கள் அப்பாசாமிக்கு ஆமாம் போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விட்டால் மெர்சியை விரட்டியே விடுவார்கள். அப்புறம் தேன்மொழிக்கு ஊசி போட எவள் வருவாள்?

உண்மை சுகுணாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை மாதத்தில் முதல் ஊசி போட்டபோது பையனுக்குத் தொடை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். மூன்றரை மாதத்தில் இரண்டாவதும் கட்டாயம் என்றாள் மெர்சி. நிமோனியாக் கிருமி மூக்கில் ஓசைப்படாமல் குடியிருக்கும், நேரம் பார்த்து நுரையீரலுக்கு இறங்கும்; ஊசி போட்டால் உடம்பு அதை முன்கூட்டியே அடையாளம் தெரிந்து எதிர்க்கும்; ஒரு தடவை போட்டது பத்தாது. சுகுணா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் மறுநாள் மரவள்ளி பிடுங்க வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையை யார் தூக்குவது? மகளை மட்டும் காட்டினாள். பையன் உள்ளே தூளியில் தூங்க, மலையின் மறுபக்கக் குண்டூர் நாட்டில் தன் தாய்வீட்டில் இருக்கிறான், அங்கேயே போட்டாயிற்று என்று பொய் சொன்னாள். பாவி, ஒரு நாள் வேலைக்காக.

மூத்தார் அப்பாசாமி எதிரே அவள் இதுவரை வாய் திறந்ததில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“ஊசியால போகலீங்க மாமா. அவனுக்கு ரெண்டாவது ஊசி போடவே இல்லீங்க. நாந்தான் ஒளிச்சு வெச்சுட்டேன்.”

சுவரில் சாய்ந்திருந்த பிரேம் நிமிர்ந்து அவளையே பார்த்தான். அப்பாசாமி மண்வெட்டியை இறக்கி வைத்தார்.

“போட்டிருந்தா இருந்திருப்பானுங்களா?” சுகுணா மெர்சியைக் கேட்டாள்.

மெர்சி பெட்டியைக் கீழே வைத்தாள். “அடிச்சுச் சொல்ல முடியாது, சுகுணா. இப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் போடறோம்.”

பிரேம் மகளை வாங்கிக்கொண்டு மெர்சி முன் உட்கார்ந்தான். அவள் காய்ச்சல் பார்த்தாள், மூச்சை எண்ணினாள், பிறகு ஊசியை எடுத்தாள். பிரேம் சின்னத் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டது.

அந்தச் சத்தத்துக்குச் சுகுணாவின் இரண்டு பக்கமும் பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது. பிரேம் மகளை அவள் மடியில் கொண்டுவந்து விட்டான். ஒரு பக்கம் கொடுத்தாள். மறுபக்கத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.