பத்தாவது சீட்டு

வண்டியில் ஏறியதும் ஆர்லிஸ் முதலில் செய்தது, முன்கண்ணாடியில் நான் சுரண்டாமல் விட்டிருந்த பனியைப் பார்த்து உச்சுக்கொட்டியதுதான். பிறகு இறங்கிப்போய்த் தானே சுரண்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எங்களுக்கு விவாகரத்தாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த உச்சு மட்டும் மாறவே இல்லை.

“இப்பிடியேவா ஓட்டிட்டு வந்தே?”

“உன் வீடு நாலு தெரு தள்ளிதானே. கண்ணை மூடிட்டே வருவேன்.”

“பதினெட்டு வருஷமா வரலையே,” என்றாள். குரலில் கோபமில்லை.

மதியம் பன்னிரண்டுக்கு நாங்கள் மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில், சட்டசபைக் கட்டடத்தில் இருக்க வேண்டும். ஜனாதிபதி யார் என்று நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டாலும், கணக்கில் ஏறுகிற ஓட்டை எங்கள் மாநிலத்துக்காக டிசம்பரில் எழுதுவது பத்துப் பேர்தான். மாநிலத்தில் ஜெயித்த கட்சி அனுப்பும் பத்துப் பேர். அவர்களில் ஆர்லிஸ் ஒருத்தி. முப்பது வருஷம் கட்சிக் கூட்டங்களுக்குக் காபி போட்டு, உறை ஒட்டி, கதவு தட்டியவளுக்குக் கிடைத்த மரியாதை அது. அவளால் முடியாமல் போனால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய மாற்று ஆள் நான். கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் நான் தூக்கினேன்.

எங்களுடையது இரும்புச் சுரங்க ஊர். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். ஆர்லிஸின் அண்ணன் டெல்பர்ட்டும் அப்படித்தான் போனான். அந்தக் குடும்பங்களுக்கு வரும் உதவியில் கை வைக்கமாட்டேன் என்று எங்கள் வேட்பாளர் மேடையில் சொன்னார். அதை நம்பி அக்டோபர் முழுக்க ஆர்லிஸ் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். ஜெயித்து மூன்றாம் வாரம் யாரோ கேட்டபோது, “அதெல்லாம் பழைய கதை, பார்க்கலாம்” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன்.

பாதி வழிக்கு மேல், ஹிங்க்லி என்ற ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“நான் அவர் பேரை எழுதப்போறதில்ல, ஓரின்.”

“ஜனங்க யாருக்குப் போட்டாங்களோ அவருக்கே எழுதுவேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே.”

“அதே ஜனங்ககிட்ட இன்னொரு வாக்கும் குடுத்திருக்கேன். அவங்க வாசல்லயே நின்னு.”

“சரி, எங்க ஓட்டைத் திருப்பி எடுத்துக்கோன்னு இப்ப யாராவது சொன்னாங்களா? நீ ஒருத்தரையாவது கேட்டியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?”

“எழுதினாலும் செல்லாது, ஆர்லிஸ். சட்டம் அப்பிடி. உன்னை எழுப்பிட்டு என்னை உட்கார வைப்பாங்க.”

“தெரியும். நீ உனக்குத் தோணினதை எழுது. முன்னாடியே சொல்லிடணும்னு நினைச்சேன், அவ்வளவுதான். எனக்குத்தான் யாரும் முன்னாடி சொல்லலை.”

கடைசி வாக்கியம் தேர்தலைப் பற்றியது இல்லை. அதன்பிறகு சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

சட்டசபைக் கட்டடத்தில் சீட்டுகளைப் பிரித்துப் படித்த அதிகாரி இளம்பெண். ஒன்பது சீட்டிலும் ஒரே பெயர். பத்தாவதைப் பிரித்தாள்.

“டெல்பர்ட் நியெமி,” என்று படித்தாள். அவையில் யாரோ இருமினார்கள். “அம்மா, இது நீங்க உறுதி குடுத்த பேர் இல்லையே. மாத்தி எழுதறீங்களா?”

“இல்லைம்மா.”

“அப்ப இந்தச் சீட்டு செல்லாது. உங்க இடமும் காலியாகுது.” அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கே கஷ்டமாக இருந்தது.

ஆர்லிஸ் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். எனக்காக நாற்காலியை இழுத்து வைத்தாள். நான் கழற்றிய கோட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

நாற்காலியில் அவள் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. டெல்பர்ட் என் சிநேகிதனும்கூட. அவன் சவப்பெட்டியின் ஒரு மூலையைச் சுமந்தவன் நான். தொலைக்காட்சியில் பார்த்த அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கும் கை வரவில்லை. ஆனால் பனியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட பதினைந்து லட்சம் பேரில் ஒருவர்கூட என்னிடம் யோசனை கேட்டதில்லை. எல்லாரையும்விட எனக்கு நல்லது தெரியும் என்று நினைத்து நான் ஒருமுறை ஆர்லிஸிடம் வாக்கு மாறியிருக்கிறேன். அன்றும் எனக்கு ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது.

ஜெயித்தவர் பெயரையே எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் சூப் குடித்தோம். அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள்.

“என் மேல கோபமா?”

“நீ வாக்கைக் காப்பாத்தி இன்னிக்குத்தான் பார்க்கறேன். மெச்சறதா அடிக்கறதான்னு தெரியலை.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். என் கைக்குட்டையை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குள் நுழையும்போது ஐந்தரை. அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. அவள் தெருவுக்குத் திரும்பப் போனேன்.

“இங்க நிறுத்து,” என்றாள். டைமி கோஸ்கியின் வீடு. சுரங்கத் தூசியில் அவள் புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. “அக்டோபர்ல முதல்ல தட்டின கதவு இதுதான்.”

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். நான்தான் சொல்லணும். இரு.”

பனி மூடிய படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறினாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினாள். டைமி வீட்டு உடுப்போடு வந்து கதவைத் திறந்து, நிலையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆர்லிஸின் முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் டைமி செருப்போடு பனியில் ஒரு படி இறங்கி, அவள் தோளுக்கு மேலாக என் வண்டியைப் பார்த்தாள். ஆர்லிஸும் திரும்பிப் பார்த்தாள். வண்டி விளக்கு அவர்கள் கண்ணில் அடிப்பது அப்போதுதான் உறைத்தது. அணைத்தேன். சுற்றிலும் இருட்டானது, அந்த வாசல் மட்டும் மஞ்சளாக, இன்னும் திறந்தே இருந்தது.