ஒரு பை குறைகிறது

1

இந்தக் கதை ஒரு கூடையிலிருந்து வந்தது. பூங்காவில் மரம் நட்ட அன்று, கன்றுகளின் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளைக் கிழித்துப் போட அதை வைத்திருந்தார்கள். நான் போன அன்று ஒன்றும் நடக்கவில்லை. (நடந்திருந்தால் எழுத வேண்டியதில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு மரம் நடுபவர் ஒரு தலைமுறைக்கே’

வேண்டாம். சுவரில் எழுதும் வாசகம்.

2

கதையில் ஒரு பெண். அவள்தான் அந்த நாளை ஏற்பாடு செய்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒலிபெருக்கி அவளுடைய அக்காவின் கையில். (பிறகு இவளைக் கொஞ்சம் துணிச்சல்காரியாக்கலாம் என்றிருந்தேன். சம்மதிக்கவில்லை.)

குழிக்கு இருவர். யாரையும் விசாரிக்கக் கூச்சப்பட்டு, வரிசையில் நின்றபடியே பிரித்துவிட்டாள். கடைசிக் குழி ஹாரனுக்கும் தையல்காரருக்கும் விழுந்தது.

ஹாரன் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். குரலால் வந்த பட்டப்பெயர். தையல்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருந்து, வருடக்கணக்காகப் பேசாதவர்கள்.

“அடிப்பாவி! எலியையும் பூனையையும் ஒரே குழில இறக்கிட்டியேடி!” என்றாள் அக்கா.

“மாத்திடவா?”

“இரு, இரு. ரெண்டும் வேலை செய்யுது பாரு.”

செய்தார்கள், வாயைத் திறக்காமல். தம்பி கன்றைக் குழியில் வைத்துவிட்டு, பையைக் கிழிக்கக் கத்தி தேடிப் போனார். எரு எடுத்துவந்த அண்ணன், பை கிழித்தாகிவிட்டது என்று நினைத்து மண்ணைத் தள்ளினார். தம்பி திரும்பிவந்து பார்த்தார். அண்ணன் கிழித்திருப்பார் என்று நினைத்தார். இருவரும் சேர்ந்து மண்ணை மிதித்தார்கள்.

3

மற்ற குழிகளிலெல்லாம் “நீ பிடி, நான் கிழிக்கிறேன்” என்ற சத்தம். அங்கே மட்டும் இல்லை. கூடையிலும் ஒரு பை குறைகிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பைக்குள் அகப்பட்ட வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரிக்கும். கொஞ்ச காலம் இலைகள் பச்சையாகத்தான் இருக்கும்.

(இதையும் சொல்ல வேண்டும்: இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரே தண்ணீர் பாட்டில்.)

4

முடிவு ஒன்று: எல்லோரும் போனபின் அவளே தோண்டிச் சரிசெய்கிறாள். கூச்சக்காரர்கள் எல்லோருக்கும் பிடித்த முடிவு. அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள்.

“நீ கிழிச்சிருப்பேன்னு நெனச்சேன்டா!”

“கேக்கறதுக்கென்ன? வாய வாடகைக்கா விட்டிருந்தே?”

“நீ கேட்டியா?”

சண்டைதான். ஆனால் பேச்சு. (ரொம்ப அழகாக அமைந்துவிட்டது. நிஜத்தில் ஹாரன் எழுந்து போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.)

5

மூன்றாவதாக, ‘அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பெஞ்சை நோக்கி’

நான் எழுதி முடிப்பதற்குள் நடந்துவிட்டாள். அவர்கள் முன்னால் நிற்கிறாள். அக்கா ஒலிபெருக்கியை நீட்டுகிறாள்; அவள் வேண்டாமென்று தலையசைக்கிறாள். இரண்டு பேருக்குக் கேட்டால் போதும்.

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அவளுடைய முதல் சொல் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் கொடுங்கள். தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அந்தக் குழிக்குத்தான் வருகிறார். நனைந்தால் மண் சேறாகிப் படிந்துவிடும்; பிறகு தோண்டுவது கஷ்டம்.