தனித்துத் தெரியாத வெளிச்சம்

"ஆரும் கேட்டா, கனடாவில எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன? வாயில இருக்கிற முத்தே கொட்டுப்பட்டுப் போகும்?"

நாகேஸ்வரி குரலை அடக்கித்தான் கேட்டாள். ஹோலில் நகை செய்யும் பத்தர் நெருப்பு மூட்டத் தொடங்கிவிட்டார். இளைய மகன் கேதீசன் கட்டப்போகும் தாலிக்கு இன்றைக்குப் பொன்னுருக்கு. உருக்கின பொன்னுக்கு முன்னால் இரண்டு சுமங்கலிகள் ஆலாத்தி எடுக்க வேண்டும். அதில் ஒருத்தி மாப்பிள்ளையின் தமையன் பெண்சாதியாக இருப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தத் தமையன் பெண்சாதி அருந்ததியோ, பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"இல்லாட்டி இந்த அறையை விட்டு வெளியில வராதை. ரெண்டில ஒண்டு சொல்லு, பிள்ளை."

அருந்ததியின் கணவன் சிவபாலனை ஆரென்று தெரியாதவர்கள் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வருடம். போகாத பொலிஸ் இல்லை, ஏறாத கந்தோர் இல்லை. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையின் சங்கதி வேறு. 2008இல் அங்கே காணாமற்போன ஆண்கள் ஒருவரும் காணாமற்போகவில்லை. எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் டோகாவிலும் சுகமாக இருந்தார்கள். வேறென்ன செய்வது? உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரன் வீட்டைத் திருப்பிக் கேட்பான், சம்பந்தம் பேச வந்தவன் செருப்பைத் தேடுவான். தாலி இருக்கிறது, ஆள் எங்கே என்று தெரியாது என்பவளைச் சபையில் எங்கே இருத்துவதென்று நம்முடைய சாத்திரத்துக்குத் தெரியாது. புருசன் இருந்தால் முன்னுக்கு வா, செத்தால் மூலையில் கிட. பாழாய்ப்போன சாத்திரத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாகேஸ்வரி கல்நெஞ்சக்காரி அல்ல. ஒவ்வொரு நாளும் மகனின் தொலைபேசி இலக்கத்தை அழுத்துவாள். அந்த இலக்கம் பாவனையில் இல்லையென்று ஒரு பெண்குரல் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொல்லும். முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு வான் வேகம் குறைத்தால் மாமியும் மருமகளும் பேச்சை நிறுத்துவார்கள். வான் போன பிறகும் விட்ட கதை தொடராது.

"உந்த வானத்து வெள்ளியளைப் பாத்து என்ன கண்டனீ? எழும்பு."

அருந்ததி பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவள். பேரண்டம் பிறந்த புதிதில் எங்கும் ஐதரசன் வாயு பனிப்புகார்போல மூடிக்கிடந்தது. முதன்முதல் தோன்றிய விண்மீன் கூட்டங்களின் ஒளிதான் மெல்ல மெல்ல அதைக் கலைத்தது. அந்தக் கூட்டங்களின் மங்கிய ஒளியை வரைபடமாக்க வெளிநாட்டில் ஒரு குழு முயன்றது. அவர்களுக்காக அவள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"அதுகள் தனித்தனியாத் தெரியாது, மாமி. அவ்வளவு தூரம், அவ்வளவு மங்கல்."

"தெரியாததை என்னெண்டு படம் கீறுறாய்?"

"ஒண்டொண்டாத் தேடுறேல்லை. ஒரு துண்டு வானத்தில இருந்து வாற முழு வெளிச்சத்தையும் சேத்து அளந்தா, அதுக்குள்ள அதுகளும் இருக்கும். தெரியேல்லை எண்டு பூச்சியம் போட்டா கணக்குப் பிழைக்கும். கண்டனாங்கள் எண்டு எழுதினாலும் பிழைக்கும்." அவள் கணினியை மூடினாள். "அவருக்கும் நான் அப்பிடி எழுத மாட்டன், மாமி."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பெற்ற வயிறல்லவா! ஆனால் இளையவனின் கலியாணமும் அந்த வயிற்றுக்குத்தான் பாரம்.

"சரி, வாறன். கேக்காட்டிச் சொல்ல மாட்டன். கேட்டாப் பொய் சொல்ல மாட்டன்," என்றாள் அருந்ததி.

விதவையான நாகேஸ்வரி பெற்ற மகனின் பொன்னுருக்கைக் குசினித் திரைக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கலாம். போய் நின்றாள்.

பொன் உருகித் திரண்டது. பெண் வீட்டாராக வந்த நேசமலர், பெண்ணின் சித்தி, அருந்ததி பிடித்த ஆலாத்தித் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவளுடைய புருசன் டோகாவில். சடங்கை நடத்திவைத்த பெரியவர் ஸ்ரீஸ்கந்தராசா சந்தோசத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி சிவபாலன் கனடாவில எந்தப் பக்கம், பிள்ளை?"

"கனடாவில இல்லை, ஐயா. பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். இருக்கிறாரோ இல்லையோ தெரியாது."

யாரோ எழுந்துபோய் ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அப்ப தட்டை வையும், பிள்ளை," என்றார் பெரியவர். மரியாதையாகத்தான் சொன்னார். "வேற ஆரும் சுமங்கலி வாங்கோ."

அருந்ததி கையை எடுக்குமுன் நேசமலர் தன் கையை எடுத்துவிட்டாள்.

"நானும் வைக்கிறன், ஐயா. என்ரயவர் டோகாவில இல்லை. கொட்டாஞ்சேனையில பஸ்ஸால இறக்கிப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

இருவரும் இறக்கி வைத்த தட்டு நிலத்தில் இருந்தது. பெரியவர் சுற்றிப் பார்த்தார். முதல் வரிசையில் குங்குமப் பொட்டோடு இருந்த அயல்வீட்டுக்காரி ஒருத்தி தலையைக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் 'லண்டன்காரன் பெண்சாதி' அழத் தொடங்கினாள். வாசலடியில் இன்னொருத்தி, "என்ரயவரும்தான்," என்றாள், ஏதோ கடனைத் திருப்பிக் கொடுத்தவள்போல. இத்தனை காலம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

"நேரம் போகுது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை.

குசினித் திரை விலகியது. வெறும் நெற்றியோடு நாகேஸ்வரி சபை நடுவே வந்து நின்றாள்.

"என்ர பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்," என்று சத்தமாகச் சொன்னாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

பிறகு குனிந்து ஆலாத்தித் தட்டைத் தானே தூக்கினாள்.

"பிடியுங்கோவன், பிள்ளையள். எனக்குத் தனியப் பாரமாக் கிடக்கு."